சைரஸுக்கும் கர்பலாவுக்கும் நடுவே

ஈரானின் ஷிராஸ் நகருக்கு வடகிழக்கே பசர்காடே சமவெளியில் ஒரு கல் வீடு நிற்கிறது. ஆறு அடுக்குப் பீடம், அதன் மேல் இருபுறமும் சரிந்த கூரையுடன் ஒற்றை அறை. மொத்தம் சுமார் 11 மீட்டர் உயரம். கி.மு. 530இல் இறந்த சைரஸ் மன்னரின் கல்லறை இது என்கிறார்கள் ஆய்வாளர்கள். அந்த வட்டாரத்து மக்களுக்கோ பல நூற்றாண்டுகளாக இது சுலைமான் நபியின் தாயார் அடங்கிய இடம். 13ஆம் நூற்றாண்டில் ஃபார்ஸ் பகுதியை ஆண்ட அதாபேக்குகள் இதைச் சுற்றிப் பள்ளிவாசல் கட்டினார்கள். தூண்களுக்குக் கல் தேடி அலையவில்லை. பக்கத்தில் இடிந்து கிடந்த சைரஸின் அரண்மனைகளிலிருந்தே எடுத்துக்கொண்டார்கள். கல்லறையின் உள்ளே, அறைச் சுவரில், மக்காவின் திசையைக் காட்டும் மிஹ்ராப் ஒன்று செதுக்கப்பட்டிருக்கிறது. அது இன்றும் இருக்கிறது.

பள்ளிவாசல்தான் இல்லை. 1971 அக்டோபரில் ஈரான் மன்னர் முகமது ரெஸா ஷா இந்தக் கல்லறை முன் நின்று, சைரஸை நேருக்கு நேர் விளித்து, நாங்கள் விழித்திருக்கிறோம், நீங்கள் நிம்மதியாக உறங்கலாம் என்ற பொருளில் பேசினார். பாரசீக முடியாட்சியின் 2,500ஆம் ஆண்டு விழா அது. அந்த விழாவை ஒட்டித்தான் பள்ளிவாசலின் மிச்சத் தூண்கள் அகற்றப்பட்டு, பெயர்த்தெடுத்த அரண்மனைப் பக்கமே கொண்டுபோகப்பட்டன. கல் வந்த இடத்துக்கே திரும்பியது சரிதானே என்று கேட்கலாம். எனக்கு மனம் ஒப்பவில்லை. அந்தக் கட்டடம் இத்தனை காலம் இடிபடாமல் நின்றதற்குச் சுலைமான் நபியின் தாயார் மேல் ஊர் மக்கள் வைத்திருந்த பயபக்தியும் ஒரு காரணம். காப்பாற்றியவர்களின் தடத்தைத் துடைத்துவிட்டுத்தான் சைரஸுக்கு மரியாதை செய்ய வேண்டியிருந்தது.

ஈரான் அரசியலைப் படிக்கப் படிக்க எனக்கு ஒரு சந்தேகம் வலுத்துக்கொண்டே வந்திருக்கிறது. அங்கே ஆட்சியைப் பிடித்தவர்கள் எல்லோரும் தூரத்துக் கடந்தகாலம் ஒன்றைத் தூக்கிப் பிடித்தார்கள். ஷாவுக்குச் சைரஸ். 1979 புரட்சியில் ஷாவை வீழ்த்திய மதகுரு கொமெய்னியின் இஸ்லாமியக் குடியரசுக்கு, நபியின் பேரர் ஹுசைன் கொல்லப்பட்ட கி.பி. 680இன் கர்பலா. இரண்டுக்கும் மக்களிடம் வேர் உண்டு. கர்பலாவுக்கு மிக ஆழமான வேர். ஆனால் அரசின் கைக்குப் போனபிறகு இரண்டும் ஒரே வேலையைத்தான் செய்தன. 1906க்கும் 1953க்கும் நடுவே நடந்ததை ஜனங்களின் கண்ணுக்குப் படாமல் மறைத்தன.

விழாவின் கணக்கையே முதலில் பார்க்கலாம். சைரஸ் பாபிலோனைப் பிடித்தது கி.மு. 539. அதிலிருந்து 2,500 ஆண்டு கூட்டினால் 1962 வரும். ஐம்பதுகளின் கடைசியில் போட்ட திட்டம், பணமும் அரசியலும் இடம்கொடுக்காமல் தள்ளித் தள்ளி 1971இல் வந்து நின்றது. சைரஸுக்குப் பின் வந்த மன்னர் டேரியஸ் கட்டிய பெர்செபோலிஸ் இடிபாடுகளுக்குக் கீழே பாரிஸின் ஜான்சென் நிறுவனம் கூடார நகரம் ஒன்றை அமைத்தது. சாப்பாடு பாரிஸின் மாக்ஸிம் உணவகத்திலிருந்து வந்தது. எத்தியோப்பியாவின் ஹைலி செலாசி, யூகோஸ்லாவியாவின் டிட்டோ, அமெரிக்கத் துணை அதிபர் அக்னியூ, நம் குடியரசுத் தலைவர் வி.வி. கிரி என்று விருந்தினர் வரிசை நீண்டது. ராணுவ வீரர்கள் தாடி வளர்த்து, பழைய மேதிய, பாரசீகப் படைகளின் உடையில் அணிவகுத்தார்கள். நஜஃபில் நாடுகடந்து வாழ்ந்த கொமெய்னி இந்த விழாவைக் கடுமையாகக் கண்டித்தார். சாதாரண ஈரானியனுக்கு அங்கே நுழைய வழியில்லை. பாதுகாப்புக் கெடுபிடி அப்படி.

ஷாவுக்கு எதற்கு இவ்வளவு பழைய மூதாதை? அவருடைய தந்தை ரெஸா ஷா கசாக் படைப்பிரிவில் அதிகாரியாக இருந்து 1925இல் மன்னரானவர். அரச வம்சத்துக்கு ஐம்பது வயதுகூட ஆகவில்லை. அதைவிடப் பெரிய சங்கடம் ஒன்று இருந்தது. மகன் ஷா அரியணையில் நிலைத்தது 1953 ஆகஸ்ட் 19இல் நடந்த ஆட்சிக் கவிழ்ப்பால். பிரதமர் முகமது மொசாடெக்கை அமெரிக்க, பிரிட்டிஷ் உளவு அமைப்புகள் உள்ளூர் ராணுவ அதிகாரிகளைக் கொண்டு வீழ்த்தின. தன் பங்கை சி.ஐ.ஏ. ஆவணங்களே 2013இல் ஒப்புக்கொண்டன. பதினெட்டு ஆண்டு முன்னால் நடந்ததைப் பேச முடியாதவருக்கு 2,500 ஆண்டு முன்னால் நடந்தது கைகொடுத்தது.

மொசாடெக் எதற்காக வீழ்த்தப்பட்டார் என்பது தெரிந்த கதை. 1901இல் வில்லியம் டார்சி என்பவர் 60 ஆண்டு எண்ணெய் உரிமையை 20,000 பவுன் ரொக்கம், அதே மதிப்புக்குப் பங்குகள், நிகர லாபத்தில் 16 சதவீதம் என்ற விலைக்கு வாங்கினார். 1908 மே 26 அன்று மஸ்ஜித் சுலைமானில் எண்ணெய் பீறிட்டது. 1914இல் பிரிட்டிஷ் அரசே நிறுவனத்தின் பெரும்பான்மைப் பங்கை வாங்கிக்கொண்டது. 1951 மார்ச்சில் ஈரானிய நாடாளுமன்றம் எண்ணெயை நாட்டுடைமையாக்கியது; அடுத்த மாதம் மொசாடெக் பிரதமரானார். இவ்வளவும் எல்லோரும் எழுதுவதுதான். அந்த நாடாளுமன்றம் எங்கிருந்து வந்தது என்பதைத்தான் வெளியே குறைவாகப் பேசுகிறார்கள்.

1905 டிசம்பரில் தெஹ்ரானில் சர்க்கரை விலை ஏறியது. பதுக்கிவிட்டார்கள் என்று சொல்லி, நகர ஆளுநர் சர்க்கரை வியாபாரிகள் சிலரைப் பிடித்துவந்து உள்ளங்காலில் பிரம்படி கொடுத்தார். மதிப்புள்ள வயதானவர் ஒருவரும் அதில் இருந்தார். பஜார் கடையடைத்தது. வியாபாரிகளும் முல்லாக்களும் நகருக்குத் தெற்கே ஷா அப்துல் அஸீம் தர்காவில் அடைக்கலம் புகுந்தார்கள். அவர்கள் கேட்டது ஓர் ‘அதாலத்கானே’, அதாவது முறையிட ஒரு நீதி மன்று. மன்னர் சம்மதித்தார், செய்யவில்லை. 1906 கோடையில் கூட்டம் பிரிட்டிஷ் தூதரகத் தோட்டத்துக்குப் போனது. ஏறத்தாழ 14,000 பேர் அங்கே தங்கினார்கள். ஒவ்வொரு தொழிற்கூட்டத்தாரும் தங்களுக்கென்று கூடாரம் போட்டார்கள். தோட்டத்தில் பெரிய அண்டாக்களில் சோறு வெந்தது. மேல்நாட்டுக் கல்வி கற்ற இளைஞர்கள் கூடாரம் கூடாரமாகப் போய் அரசியல் சட்டம் என்றால் என்ன, மன்னரை எப்படிக் கட்டுப்படுத்துவது என்று வகுப்பு எடுத்தார்கள். தோட்டத்துக்குள் போகும்போது நீதி மன்று கேட்டவர்கள், வெளியே வரும்போது நாடாளுமன்றம் கேட்டார்கள். ஈரானின் வரலாற்றில் எனக்கு மிகவும் பிடித்த சில வாரங்கள் இவை. செருப்புத் தைப்பவரும் பலசரக்குக் கடைக்காரரும் முல்லாவும் மாணவரும் ஒரே தோட்டத்தில் சட்டம் படித்த சம்பவம் உலகில் வேறெங்கே நடந்தது?

ஆகஸ்டில் மன்னர் முஸஃபருத்தீன் ஷா பணிந்தார். அக்டோபரில் மஜ்லிஸ் என்ற நாடாளுமன்றம் கூடியது. டிசம்பர் 30 அன்று, சாகக் கிடந்த மன்னர் அரசியல் சட்டத்தில் கையெழுத்திட்டார். சில நாளில் இறந்தார். மகன் முகமது அலி ஷாவுக்கு இந்தச் சட்டம் ஆகவில்லை. 1907இல் பிரிட்டனும் ரஷ்யாவும் ஈரானைச் செல்வாக்கு மண்டலங்களாகக் கூறுபோட்டுக்கொண்டன. 1908 ஜூனில் ரஷ்யக் கர்னல் லியாகோவ் தலைமையிலான கசாக் படை மஜ்லிஸ் கட்டடத்தைப் பீரங்கியால் தகர்த்தது. தப்பியது தப்ரீஸ் நகரம் மட்டும்தான். ஒருகாலத்தில் குதிரை வியாபாரியாக இருந்த சத்தார் கான், அசர்பைஜானி துருக்கிய மொழி பேசிய தன் பேட்டை மக்களைத் திரட்டிக்கொண்டு மாதக்கணக்கில் முற்றுகையைத் தாங்கினார். அந்த ஊர் மிஷன் பள்ளியில் வேலை பார்த்த ஹாவர்ட் பாஸ்கர்வில் என்ற 24 வயது அமெரிக்க ஆசிரியர், தன் மாணவர்களோடு சேர்ந்து போரிட்டு 1909 ஏப்ரலில் செத்தார். ஜூலையில் அரசியல் சட்டக்காரர்கள் தெஹ்ரானைப் பிடித்தார்கள். பிடித்த கையோடு, சட்டத்தை எதிர்த்த ஷேக் ஃபஸ்லுல்லா நூரி என்ற பெரிய மதகுருவைப் பொது இடத்தில் தூக்கிலிட்டார்கள். அது பெரும் பிழை என்றே நினைக்கிறேன். சட்டத்தின் பெயரால் வந்தவர்கள் எதிராளியைத் தூக்கில் போட்ட நாளை மத அரசியல் மறக்கவேயில்லை. தெஹ்ரானில் இன்று ஒரு விரைவுச்சாலைக்கு நூரியின் பெயர் இருக்கிறது.

இந்த இடைக்காலத்தின் வாரிசுதான் மொசாடெக். நியூஷாடெல் பல்கலைக்கழகத்தில் சட்டத்தில் முனைவர் பட்டம் வாங்கியவர். 1925இல் ரெஸா கானுக்கு முடிசூட்டும் தீர்மானம் மஜ்லிஸுக்கு வந்தபோது எழுந்து நின்று எதிர்த்த மிகச் சிலரில் ஒருவர். நல்ல பிரதமராக இருப்பவரை மன்னராக்கினால் ஒன்று அவர் அதிகாரமில்லாமல் வீணாவார், இல்லாவிட்டால் அதிகாரத்தோடு சர்வாதிகாரியாவார் என்பது அவர் வாதம். 1953க்குப் பிறகு ராணுவ நீதிமன்றம் அவருக்கு மூன்று ஆண்டு சிறை விதித்தது. சிறை முடிந்தும் தெஹ்ரானுக்கு மேற்கே அஹ்மதாபாத் கிராமத்து வீட்டை விட்டு வெளியேற அனுமதியில்லை. 1952 ஜூலையில் தனக்காகத் தெருவில் உயிர்விட்டவர்களின் பக்கத்தில் புதைக்கச் சொல்லியிருந்தார். 1967 மார்ச் 5இல் அவர் இறந்தபோது ஷா அதற்கும் இடம்கொடுக்கவில்லை. ஊர்வலம் இல்லை, பொது அஞ்சலி இல்லை. அந்த வீட்டின் சாப்பாட்டு அறையிலேயே தரையைத் தோண்டிப் புதைத்தார்கள். அடுத்த நான்காண்டில் ஷா சைரஸின் கல்லறை முன் போய்ப் பேசினார். இரண்டு கல்லறைகளையும் சேர்த்துப் பார்க்காமல் அந்த விழாவை என்னால் யோசிக்க முடிவதில்லை.

1976இல் ஷா இன்னும் ஒரு படி மேலே போனார். ஹிஜ்ரி சூரிய ஆண்டு 1355 என்பது ஒரே இரவில் 2535 ஆனது, சைரஸ் ஆண்டு. கல்யாணப் பத்திரிகை முதல் பள்ளிச் சான்றிதழ் வரை எல்லாவற்றிலும் ஆயிரத்துச் சொச்சம் ஆண்டு கூடிப்போனது. மதநம்பிக்கை உள்ளவர்களுக்கு இது நேரடி அவமதிப்பு. 1978இல் தெரு கொதித்தபோது ஷாவின் அரசு முதலில் திரும்பப் பெற்றவற்றில் இந்த ஆண்டுக் கணக்கும் ஒன்று. காலம் கடந்த பின்வாங்கல்.

1979 புரட்சிக்குப் பிறகு தராசு மறுபக்கம் சாய்ந்தது. ஏராளமானோரைத் தூக்குக்கு அனுப்பிய புரட்சி நீதிபதி சாதிக் கல்காலி, சைரஸைத் தூற்றி ஒரு சிறுநூல் எழுதியவர். தெஹ்ரானுக்குத் தெற்கே ரெஸா ஷாவின் கல்லறை மாடத்தை 1980இல் ஆள் வைத்து இடித்துத் தள்ளினார். பெர்செபோலிஸையும் இடிக்கக் கிளம்பினார் என்றும், உள்ளூர் மக்களும் ஃபார்ஸ் ஆளுநர் நுஸ்ரதுல்லா அமீனியும் குறுக்கே நின்று தடுத்தார்கள் என்றும் பலர் பதிவு செய்திருக்கிறார்கள். இந்த அமீனி யார் தெரியுமா? மொசாடெக்கின் வழக்கறிஞர். சைரஸின் வாரிசாகத் தன்னை அறிவித்துக்கொண்டவர் வெளிநாட்டில் மருத்துவமனை மருத்துவமனையாக அலைந்துகொண்டிருந்த நேரத்தில், டேரியஸின் கற்களைக் காக்க மொசாடெக்கின் ஆள்தான் இருந்தார்.

தெஹ்ரானின் ஒரு தெரு இந்த அரசியலை முழுக்கச் சொல்லிவிடும். தெற்கே ரயில் நிலையத்தில் தொடங்கி வடக்கே மலையடிவாரத் தஜ்ரீஷ் வரை, இருபுறமும் சினார் மரங்கள் நிழல் பரப்ப, பதினெட்டு கிலோமீட்டருக்குக் குறையாமல் ஓடும் தெரு. ரெஸா ஷா போட்டது. பெயர் பஹ்லவி அவென்யூ. 1979இல் அது மொசாடெக் தெரு ஆனது. அந்த மார்ச் 5இல் அஹ்மதாபாதுக்குப் போன கூட்டம் கணக்கில் அடங்காதது. பன்னிரண்டு ஆண்டு தடுக்கப்பட்ட அஞ்சலி. ஆனால் புதிய ஆட்சிக்கு மொசாடெக் விரைவிலேயே உறுத்தலானார். 1953இல் அவரைக் கைவிட்டு விலகியவர்களில் ஆயத்துல்லா காஷானியும் உண்டு; அந்தக் கதையை உரக்கப் பேசினால் குற்றப் பட்டியல் அமெரிக்காவோடு நிற்காது. 1981 ஜூனில், தண்டனைச் சட்ட மசோதாவை எதிர்த்த, மொசாடெக்கின் கட்சியான தேசிய முன்னணியை மார்க்கத்தை விட்டு விலகியவர்கள் என்று கொமெய்னி அறிவித்தார். அதே காலத்தில் தெருவுக்கும் பெயர் மாறியது. இப்போது வலி அஸ்ர், மறைந்திருக்கும் பன்னிரண்டாம் இமாமின் பட்டம். ஷாவிடமிருந்து இமாமுக்குப் போகும் வழியில் மொசாடெக்குக்கு இரண்டரை ஆண்டுகூடக் கிடைக்கவில்லை.

ஒரு வேடிக்கையையும் சொல்லிவிட வேண்டும். புரட்சி வென்ற நாளை இஸ்லாமியக் குடியரசு கொண்டாடுவது பஹ்மன் 22 அன்று. ஃபர்வர்தீன், ஓர்திபெஹெஷ்த், கொர்தாத், பஹ்மன் என்ற அந்த மாதப் பெயர்கள் அத்தனையும் ஜரதுஷ்டிர மதத்துத் தெய்வீக சக்திகளின் பெயர்கள். இஸ்லாத்துக்கு முந்தைய எதையும் ‘ஜாஹிலிய்யா’, அதாவது அறியாமைக் காலம், என்று தள்ளத் துணிந்தவர்களாலும் அவற்றைத் தொட முடியவில்லை. புத்தாண்டான நவ்ரோஸை அடக்கி வாசிக்க ஆரம்ப ஆண்டுகளில் சில மதகுருமார் சொல்லிப் பார்த்தார்கள். மக்கள் வழக்கம்போல வீட்டை வெள்ளையடித்து, முளைப்பயிர் வைத்து, பெரியவர்கள் வீட்டுக்குப் போனார்கள். அத்துடன் அந்தப் பேச்சு ஓய்ந்தது.

இனி பெர்செபோலிஸில் கிடைத்த களிமண் பலகைகளுக்கு வருகிறேன். தூரத்துக் கடந்தகாலத்தை வைத்து அரசுகள் செய்யும் ஆரவாரத்துக்கு அவற்றைப் போல எதிர்ச்சாட்சி வேறில்லை.

சிகாகோ பல்கலைக்கழகத்தின் கீழைத்தேயக் கழகத்துக்காகப் பெர்செபோலிஸில் அகழ்ந்த ஜெர்மானியர் எர்ன்ஸ்ட் ஹெர்ட்ஸ்ஃபெல்ட், 1933இல் மேடையின் வடகிழக்கு மூலைக் கோட்டைச் சுவருக்குள் ஆயிரக்கணக்கான களிமண் பலகைகளையும் துண்டுகளையும் கண்டார். படித்துச் சொல்வதற்காக 1935இல் ஈரான் அவற்றைச் சிகாகோவுக்கு இரவல் கொடுத்தது. உள்ளங்கையில் அடங்கும் அளவு. பலவற்றில் இடது ஓரத்து முனைகளில் நூல் போன தடம் இருக்கிறது. முடிச்சிட்ட நூலைச் சுற்றிக் களிமண்ணைப் பிடித்து, ஈரத்தில் எழுதி, முத்திரை உருட்டியிருக்கிறார்கள். நூல் மக்கிப் போய்விட்டது, துளை மிஞ்சியிருக்கிறது. எழுத்து பெரும்பாலும் எலாமிய மொழியில், கொஞ்சம் அரமேயம். கிரேக்கத்தில் ஒன்றே ஒன்று உண்டு. காலம் கி.மு. 509 முதல் 493 வரை, டேரியஸின் ஆட்சி.

போர் வெற்றி எதுவும் அவற்றில் இல்லை. எந்தக் கிடங்கிலிருந்து யாருக்கு எத்தனை அளவை தானியம், மாவு, ஒயின், பீர் கொடுத்தார்கள் என்ற படிக்கணக்கு. ஆண் தொழிலாளிக்கு மாதம் 30 அளவை பார்லி. ஓர் அளவை ஏறத்தாழ ஒரு லிட்டர். தலைமை நிர்வாகி பர்னாகாவுக்கோ ஒரு நாளைக்கே 2 ஆடு, 90 அளவை ஒயின், 180 அளவை மாவு. பிள்ளை பெற்ற தொழிலாளிப் பெண்ணுக்குத் தனிப்படி உண்டு: ஆண் குழந்தை என்றால் 10 அளவை ஒயின் அல்லது பீர், பெண் குழந்தை என்றால் 5. பெண்களே மேற்பார்வையாளர்களாக இருந்த வேலைக்கூட்டங்களும் உண்டு, அவர்களுக்குப் படி அதிகம். இர்தபாமா என்ற அரசகுலப் பெண்ணிடம் நூற்றுக்கணக்கான தொழிலாளர்கள் வேலை செய்தார்கள். அவளுக்கென்று சொந்த முத்திரை இருந்தது. தெய்வங்களுக்குப் போன படையலையும் எழுதி வைத்திருக்கிறார்கள். டேரியஸ் தன் கல்வெட்டுகளில் ஓயாமல் துதிக்கும் அஹுரமஸ்தாவைவிட, பழைய எலாமியத் தெய்வமான ஹும்பானுக்கு இந்தப் பலகைகளில் தானியம் அதிகம் போகிறது. கல்வெட்டில் மன்னர் பேசுகிறார், பலகையில் கிடங்குக் கணக்கர் பேசுகிறார். நான் கணக்கரைத்தான் நம்புவேன்.

பெர்செபோலிஸைக் கட்டியவர்கள் அடிமைகள் அல்ல, கூலி வாங்கிய உழைப்பாளிகள் என்று ஈரானியர்கள் இணையத்தில் பெருமையாக எழுதுவதை நிறையப் பார்க்கலாம். ஆதாரம் கேட்டால் இந்தப் பலகைகளைத்தான் காட்டுவார்கள். படி கொடுத்தார்கள் என்பது உண்மை. அந்தத் தொழிலாளர்களில் பலர் வென்ற நாடுகளிலிருந்து குடிபெயர்த்துக் கொண்டுவரப்பட்டவர்கள் என்பதும், விரும்பினால் விட்டுப் போக முடிந்ததா என்பது ஆய்வாளர்களிடையே இன்னும் தீராத வாதம் என்பதும் அதே அளவு உண்மை. 1879இல் பாபிலோனில் கிடைத்த சைரஸ் உருளைக்கும் இதே கதிதான். பாபிலோனின் தெய்வம் மர்துக் சைரஸைத் தேர்ந்தெடுத்தார், அவர் தெய்வச் சிலைகளை அவற்றின் கோயில்களுக்குத் திருப்பி அனுப்பினார் என்பது அதன் சாரம். புதிதாக நகரைப் பிடித்த அரசர்கள் மெசபடோமியாவில் வழக்கமாக எழுதிவைப்பதுதான். அதை உலகின் முதல் மனித உரிமைச் சாசனம் என்று சொல்லி, 1971இல் அதன் நகலை ஐக்கிய நாடுகள் சபைக்கு ஷாவின் அரசு பரிசளித்தது. அப்போது அவருடைய ரகசியப் போலீஸான சாவாக் தன் சிறைகளில் என்ன செய்துகொண்டிருந்தது என்பதை உருளையில் தேடிப் பயனில்லை.

இதற்கிடையே நம் பக்கத்துத் தொடர்பு ஒன்றைச் சொல்லாமல் போக மனமில்லை. இந்தக் கிடங்குக் கணக்கர் மரபு பேரரசுகள் போனபிறகும் பாரசீக மொழியோடு ஊர் ஊராகப் போனது. ஆற்காட்டு நவாபுகளின் அலுவல் மொழி பாரசீகம். நம் தாசில்தாரும் ஜமாபந்தியும் தஸ்தாவேஜும் அந்த வழியில் வந்தவை. கடல் வழியிலும் அது பரவியிருந்தது. 1409ஆம் ஆண்டுத் தேதியிட்டுச் சீனக் கடற்படைத் தலைவர் செங் ஹே இலங்கையின் காலியில் நாட்டிய கல்லில் மூன்று மொழிகள்: சீனம், தமிழ், பாரசீகம். சீனத்தில் புத்தருக்கும், தமிழில் தேனாவரை நாயனாருக்கும், பாரசீகத்தில் இஸ்லாத்துக்கும் காணிக்கை சொல்கிறது. பாரசீக மொழியின் இந்த வீச்சுக்கு எந்த ஷாவும் காரணமில்லை.

பலகைகளின் கதை அமெரிக்க நீதிமன்றத்தில் முடிந்தது. 1997 செப்டம்பர் 4 அன்று ஜெருசலேமில் ஹமாஸ் நடத்திய குண்டுவெடிப்பில் காயம்பட்ட அமெரிக்கர்கள், ஹமாஸுக்கு ஈரான் உதவியது என்று வாஷிங்டனில் வழக்குத் தொடுத்தார்கள். ஈரான் வரவில்லை, 7.15 கோடி டாலர் இழப்பீடு தீர்ப்பானது. அந்தப் பணத்தை வசூலிக்க அவர்கள் சிகாகோவில் இரவலாக இருந்த பலகைகளை ஏலம் விடக் கேட்டார்கள். குண்டுவெடிப்பில் காயம்பட்டவர்களின் வலி நிஜம். ஆனாலும் கி.மு. 500இன் பார்லிக் கணக்கை விற்று அதற்கு ஈடுகட்டுவது எந்த நியாயத்தில் சேரும்? வழக்கின் மூலத்துக்கே வராத இஸ்லாமியக் குடியரசு, பலகைகளுக்காக 2006இல் அமெரிக்க வக்கீல்களை அமர்த்திக்கொண்டு நீதிமன்றப் படியேறியது. 2018 பிப்ரவரி 21இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் 8–0 என்று ஈரானுக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது. 2019இல் 1,783 பலகைகளும் 2023இல் 3,506 பலகைகளும் தெஹ்ரான் திரும்பின. கல்காலி தூற்றிய வம்சத்தின் கணக்குப் புத்தகங்களை அவருடைய குடியரசே வழக்காடி மீட்டது. இதில் கேலி செய்ய எதுவுமில்லை. அருங்காட்சியக ஊழியர்களும் சட்டத்துறைக் குமாஸ்தாக்களும் அமைச்சர்களைவிடப் பொறுப்பாக இருந்தார்கள்.

அதன் பிறகு அரசே சைரஸ் பக்கம் சாயத் தொடங்கியது என்று சொல்ல முடியாது. அதற்கு முன்பே சாய்ந்துவிட்டது. 2010இல் சைரஸ் உருளை லண்டனிலிருந்து இரவலாகத் தெஹ்ரான் வந்தபோது அதிபர் அகமதிநெஜாத், சைரஸ் வேடமிட்ட நடிகர் கழுத்தில் ஆட்சியின் துணைப்படையான பஸீஜ் தொண்டர்களின் கட்டம்போட்ட சால்வையைப் போட்டார். பழமைவாதிகள் முகம் சுளித்தார்கள். 2016 அக்டோபர் 28 அன்று நடந்தது வேறு. அரசு நாட்காட்டியில் இல்லாத ‘சைரஸ் தினம்’ என்று ஆயிரக்கணக்கானோர் பசர்காடேயில் கூடி ஆட்சிக்கு எதிராக முழங்கினார்கள். சிலரைக் கைது செய்தார்கள். அடுத்தடுத்த ஆண்டுகளில் அந்தத் தேதியில் பாதையை அடைத்தார்கள். ஆக, அரசு சொன்னால் சைரஸ் தேசபக்தி. ஜனங்கள் சொன்னால் சட்டவிரோதக் கூட்டம். 2025 ஜூனில் இஸ்ரேலுடன் 12 நாள் போர் நடந்து முடிந்ததும், கர்பலாவை நினைவுகூரும் ஆஷூரா இரவு துக்கக் கூட்டத்தில் உச்ச தலைவராக இருந்த காமெனியே கேட்க, ஈரானைப் போற்றும் தேசியப் பாடல் பாடப்பட்டது. அந்த நவம்பரில், கி.பி. 260இல் மன்னர் ஷாபூரிடம் சிறைப்பட்ட ரோமப் பேரரசர் வலேரியன் மண்டியிடும் சிலை ஒன்று தெஹ்ரானின் புரட்சிச் சதுக்கத்தில் வைக்கப்பட்டது. ஷாவின் பழைய உத்தி, புதிய கை.

எதிர்ப்பாளர்களிலும் ஒரு பகுதியினர் இதே வலையில் சிக்கியிருப்பதாக எனக்குப் படுகிறது. இஸ்லாமியக் குடியரசு பிடிக்கவில்லை என்பதால் சைரஸின் பொற்காலத்துக்குத் தாவுகிறவர்கள், அரேபியரைப் பழிப்பதையே தேசியமாக நினைக்கிறவர்கள், 1971இன் கூடாரங்களை ஏக்கத்தோடு பகிர்கிறவர்கள். இந்தச் சைரஸ் தேசியத்தில் தப்ரீஸின் துருக்கிய மொழிக்காரருக்கு, அஹ்வாஸின் அரபு மொழிக்காரருக்கு, பலூச்சிக்கு என்ன இடம் என்று கேட்டால் பதில் தெளிவாக வருவதில்லை. அரசியல் சட்டத்தைக் காப்பாற்றிக் கொடுத்ததே தப்ரீஸ்தான் என்பது அவர்கள் பேச்சில் வருவது அபூர்வம்.

2022 செப்டம்பர் 16 அன்று, தலைத்துணி சரியில்லை என்று கலாச்சாரக் காவலர்கள் பிடித்துப்போன 22 வயது மஹ்சா அமீனி தெஹ்ரானில் இறந்தார். 1936இல் ரெஸா ஷாவின் போலீஸ் பெண்கள் தலையிலிருந்து துணியைப் பறித்தது. 1983 முதல் குடியரசின் சட்டம் அதைக் கட்டாயமாக்கியது. கேட்காமல் தலையில் கைவைப்பதில் இரண்டு ஆட்சிக்கும் வேற்றுமை இல்லை. மஹ்சாவின் சொந்த ஊரான குர்து நகரம் சக்கெஸில் அடக்கத்தின்போது எழுந்து, பிறகு நாடெங்கும் பரவிய ‘பெண், வாழ்வு, சுதந்திரம்’ என்ற முழக்கம் குர்து மொழியிலிருந்து வந்தது. அதில் சைரஸும் இல்லை, கர்பலாவும் இல்லை. ஈரானின் மையம் என்று இரண்டு ஆட்சிகளும் கருதிய இடத்துக்கு வெளியிலிருந்து வந்த முழக்கம் அது, 1908இல் தப்ரீஸிலிருந்து வந்ததைப் போல. அந்தப் பெண் காவலில் எப்படி இறந்தாள் என்று யாரிடம் போய்க் கேட்பது என்பதுதான் அவள் குடும்பத்தின் முதல் பிரச்சினையாக இருந்தது. உள்ளங்காலில் அடிபட்ட சர்க்கரை வியாபாரிகளுக்காக 1905இல் கேட்ட அதாலத்கானே அந்தக் குடும்பத்துக்கும் கிடைக்கவில்லை.